எழுபத்தைந்தாவது பெயர்

அமெரிக்காவில் மேரோ கிரீக் என்ற ஊரில் நூறு வருஷத்துக்கும் முன்னால் நிலக்கரிச் சுரங்கம் வெடித்துச் செத்துப்போன எழுபத்து நான்கு பேரில் முதல் நான்கு பேர், குண்டலப்பள்ளியில் எங்கள் கிரானைட் பேக்டரியின் கேட்டுக்கு வெளியே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்கு நாங்கள் போகும்போது குத்துக்காலிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், முகமும் கழுத்தும் கரி அப்பியிருக்க, தொப்பியில் சின்ன விளக்கு எரிந்தபடி, ஆள் எடுக்கிறார்களா என்று கேட்க வந்தவர்களைப் போல. வாட்ச்மேன் அவர்களிடம் ஆதார் கார்டு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவர்கள் தண்ணீர் கேட்டார்கள். என்ன பாஷையென்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் தண்ணீர் கேட்கிறவனின் தொண்டையைப் பார்த்தால் போதும், பாஷை வேண்டியதில்லை. ஒரு குடத்தைக் காலி செய்துவிட்டு இன்னொரு குடம் கேட்டார்கள்.

முந்தின நாள்தான் சாலம்மா முதல் நான்கு பெயர்களை வெட்டியிருந்தாள். பன்னிரண்டு அடி உயரக் கறுப்புக் கல் அது. அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தார் சுரங்க வாசலில் நிறுத்துவதற்காக எங்களிடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். மேலே நான்கு வரி ஆங்கிலம். 'இந்த இடத்தில் 1912 பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையில் பூமிக்குள் போய் மேலே வராதவர்கள்' என்று அதற்குப் பொருள் என சூப்பர்வைசர் சம்பங்கி சொன்னார். அதற்குக் கீழே மூன்று பத்தியாகப் பெயர்கள். கல்லின்மேல் ரப்பர் ஷீட் ஒட்டி, எழுத்தின் வடிவத்தை மட்டும் கத்தியால் கீறி உரித்தெடுக்க வேண்டும், பிறகு மிஷினால் மணலைப் பீச்சினால் ரப்பர் இல்லாத இடத்தில் கல் குழிந்து எழுத்தாகும். உரிப்பது சாலம்மாவின் வேலை. ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் அவள் உரித்த எழுத்தில் ஓரம் பிசிறியது கிடையாது.

சம்பங்கி பட்டியலை எடுத்து வந்து முதல் பெயரைச் சத்தமாகப் படித்தார். பியேத்ரோ என்றதும் கேட் ஓரமாக இருந்த கட்டைமீசைக்காரன் எழுந்து நின்றான். மறுநாள் ஆறு பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் ஏழு பேர். வெட்டியது எத்தனையோ வந்ததும் அத்தனை. பெங்களூரிலிருந்த முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னபோது, கல் கப்பலேறும் தேதி தள்ளிப்போகக் கூடாது, வெளியில் யாருக்கும் தெரியவும் கூடாது என்று மட்டும் சொன்னார். ஆக, அவர்களை வைத்துச் சமாளிப்பது எங்கள் பாடாயிற்று. லைன் வீடுகளில் ஆளுக்கு ஒருவர் இருவராகப் பிரித்துக்கொண்டோம். களி கிண்டிப் போட்டால் முதலில் முகர்ந்து பார்த்தார்கள், பிறகு கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கப் பழகினார்கள். எத்தனை சோப்புப் போட்டும் அந்தக் கரி போகவில்லை. வீட்டுச் சுவரெல்லாம் கை அச்சு. எங்கள் வீட்டுக்கு வந்த ஸ்டானிஸ்லாவ் உட்கார்ந்தே தூங்குவான், இருமினால் பக்கத்து வீட்டு மாடு எழுந்து நிற்கும். தினம் மத்தியானம் குவாரியில் வெடி வைப்பதற்கு முன் சங்கு ஊதும்போது அவர்கள் அத்தனை பேரும் எங்கே இருந்தாலும் தெருவுக்கு ஓடிவந்து, ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். அதைப் பார்த்த பிறகு எங்களில் ஒருவரும் அவர்களை வெளியாள் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆண்களும் அதே சங்குக்கு அப்படித்தான் எண்ணப்படுகிறார்கள்.

இரண்டு விஷயங்களைச் சீக்கிரமே புரிந்துகொண்டோம். ஒரு பெயரில் ஓரெழுத்து தவறிவிட்டதென்று சம்பங்கி கல்பொடியைப் பசையில் குழைத்து அடைத்தார், அந்த நிமிஷமே அந்தப் பெயர்க்காரன் கையில் எடுத்த களி உருண்டை தட்டில் விழ, ஆள் இல்லாமல் போனான். திருத்தி வெட்டிய மறுநாள் காலையில் வந்து மிச்சக் களியைக் கேட்டான். இன்னொன்று, கல்லைக் கிரேனில் தூக்கி ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்கு நகர்த்தியபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், கிணற்றடியில் குளித்தவன், எல்லோரும் எழுந்து அதன் பின்னாலேயே நடந்தார்கள். பெயர் இருக்கும்வரை ஆள், கல் போகிற இடத்துக்கு ஆள்.

இதை எங்களுக்கெல்லாம் முன்னால் புரிந்துகொண்டவள் சாலம்மா. அவளுடைய புருஷன் சென்றாயன் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஆவணி மாதம், பின்பக்கக் குவாரியில் வெடிக்காமல் நின்ற தோட்டாவைப் பார்க்க இறங்கியவன். பாறைச் சுவர் சரிந்து, ஊற்று உடைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் குவாரி பச்சைத் தண்ணீரால் நிரம்பிவிட்டது. தண்ணீரை இறைத்தால் பிணம் கிடைத்துப் போலீஸ் கேஸ் வரும் என்று இறைக்காமல் விட்டார்கள். அன்றைக்குக் குவாரிக்கு லீவு என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். லீவு நாளில் யாரும் சாக முடியாதே. போலீசில் சென்றாயனைக் காணவில்லை என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் தாலியைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொண்டிருக்கிற காரணத்தைச் சொல்லவும் முடியாமல், அமாவாசைக்கு அமாவாசை ஒரு தூக்கில் சோறு கொண்டுபோய் அந்தப் பச்சைத் தண்ணீரில் கொட்டிவிட்டு வருவாள்.

மூன்று பத்தி, பத்திக்கு இருபத்தைந்து வரி. பெயர்கள் எழுபத்து நான்கு. மூன்றாம் பத்தியின் அடியில் ஒரு வரி காலி.

ஒன்பது வயது மகள் ஹரிணியிடம் அப்பா பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னாள் சாலம்மா. ஸ்கூலில் எதற்கோ கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் நோட்டில் பெரிய எழுத்தாக எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். மறுநாள் நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் சாலம்மா அதைப் பார்த்து ரப்பரில் கீறி உரித்து, மணல் மிஷினைத் தானே போட்டு, எழுபத்தைந்தாவது பெயரை வெட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள், அது ஒன்றுதான் அன்றைக்கு வித்தியாசம்.

காலையில் அவன் கேட்டில் இருந்தான். போட்டுக்கொண்டு போன அதே நீலச் சட்டை. தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாலம்மா தன் முந்தானையால் துடைத்தாள், நனைந்த முந்தானையைப் பிழிந்து மறுபடி துடைத்தாள், எத்தனை துடைத்தும் தண்ணீர் நிற்கவில்லை. கரிக்காரர்களுக்குக் கரி எப்படியோ அப்படி அவனுக்குத் தண்ணீர். வாட்ச்மேன் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நாங்கள் சுற்றி நின்றோம். அவன் எங்களில் ஒவ்வொருவராகப் பார்த்து, யார் யார் நரைத்திருக்கிறோம் என்று சொன்னான்.

ஒன்பது நாள் இருந்தான். முதல் நாள் ஹரிணி கிட்டே வரவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று அவன் காலடியில் தேங்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஸ்கூலில் பெற்றோர் கூட்டம் என்று அவளே வந்து சொன்னாள். அவன் போய் மற்ற அப்பாக்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டான், டீச்சர் ஒரு துடைப்பத்தையும் சாக்கையும் அவன் காலடியில் வைத்துவிட்டுக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும் என்று சொன்னார். வீட்டில் பாய் நனைந்தது, சுவர் நனைந்தது, உப்பு டப்பாவுக்குள் தண்ணீர் இறங்கியது. சாலம்மா எல்லாவற்றையும் வெயிலில் போட்டுப் போட்டு எடுத்தாள். பியேத்ரோ தினமும் வந்து அவன் பக்கத்தில் உட்கார்வான். ஒருவன் தரையில் குச்சியால் சுரங்கத்தை வரைவான், மற்றவன் குவாரியை வரைவான், எந்த இடம் சரிந்தது என்று இருவரும் ஒரே மாதிரிப் புள்ளி வைப்பார்கள்.

ஐந்தாம் நாள் சாலம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று வருஷமாக எத்தனையோ மனு கொடுத்தும், ஆள் செத்ததற்குச் சாட்சி என்ன என்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். செத்தவனே வந்து சொன்னால்? அவனைக் குளிப்பாட்டாமலேயே தலை சீவி, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காரவைத்து, தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். அந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். இருவரையும் உட்காரச் சொல்லி, மேஜைமேல் சொட்டிய தண்ணீரிலிருந்து பைல்களை நகர்த்தி வைத்துவிட்டு, மனுவை இரண்டு தரம் படித்தார்.

"பின்பக்கக் குவாரியில தோட்டா பாக்க எறங்கினேன் சார். பாறை வந்துருச்சு. நான் செத்துட்டேன். எங்கேன்னு கேட்டா இடத்தக் காட்டறேன்" என்றான் சென்றாயன்.

அவர் பொறுமையாக விளக்கினார். காணாமல் போனவர் ஏழு வருஷம் வராவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்றுதான் சட்டம், அதில் மூன்று வருஷம் கழிந்திருந்தது. இப்போது ஆளே நேரில் வந்து நிற்கிறார். ஆகவே இன்றிலிருந்து இவர் காணாமல் போனவர் இல்லை. திரும்பவும் காணாமல் போனால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஏழு வருஷம் எண்ண வேண்டும். வந்ததற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். சாலம்மா அவன் கையைப் பிடித்தாள், ஆனால் படித்தவர் கேட்கிறாரே என்று அவன் ஏற்கெனவே பேனாவை வாங்கியிருந்தான். மை ஈரத்தில் பரவியது.

"அப்ப நான் எப்ப சார் செத்தவன்?" என்று கேட்டான்.

அதிகாரி இரண்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலமே குவாரிக்காரர் வீட்டிலிருந்து சாலம்மாவுக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு வந்தது, அவளுடைய புருஷன் நல்லபடியாகத் திரும்பிவந்ததற்கு.

அந்தப் பெட்டியை அவள் திறக்கவில்லை. தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவளிடம், மறுநாள் சம்பங்கி ஆபீசுக்குக் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. முடிந்த கல்லைப் போட்டோ எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தச் சங்கத்தின் செயலாளர் டோரத்தி என்ற அம்மாள், மூன்றாம் பத்தியின் கடைசிப் பெயர் தாங்கள் அனுப்பிய பட்டியலில் இல்லையே என்று கேட்டு எழுதியிருந்தார். அதுவரை ஒன்றும் தெரியாததுபோல் இருந்த சம்பங்கி அப்போதுதான் கல்லைப் போய்ப் பார்த்திருக்கிறார். கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் கடிதத்தை மட்டும் தமிழில் சொன்னார். அந்தப் பட்டியல் சுரங்கக் கம்பெனி எழுதிக்கொடுத்தது, இன்னும் பலர் உள்ளே இருந்தார்கள், கம்பெனி எழுதவில்லை என்று என் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார், இந்த மனிதர் அவர்களில் ஒருவரா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தார் அந்த அம்மாள்.

தவறு நடந்துவிட்டது என்று எழுதினால் இன்றைக்கே அடைக்க வேண்டும், அடைத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும் என்றார் சம்பங்கி. ஆமாம், அவர்களில் ஒருவர்தான் என்று எழுதினால் கல் அப்படியே போகும்.

"லாரி எப்பண்ணா?"

"நாலு நாள்ல."

"ஆமான்னு எழுதுங்க."

நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், பார்க்காத ஊரில், தெரியாத சுரங்கத்தில் அவள் புருஷன் செத்தான் என்று அப்படித்தான் முடிவாயிற்று. அந்த நாலு நாளும் அவள் வேலைக்கு வரவில்லை.

லாரி வந்தது காலை பத்து மணிக்கு. கல்லை மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்தபோதே லைன் வீடுகளிலிருந்து அவர்கள் எழுந்து வரத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டு ஸ்டானிஸ்லாவ் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். ஷிப்டுக்குப் போகிற மாதிரி இருவர் இருவராக, விளக்கை ஏற்றிக்கொண்டு, லாரிக்குப் பின்னால் நின்றார்கள். சென்றாயன் வரவில்லை. அவனைச் சாலம்மா வீட்டு நடுக்கம்பத்தில் கட்டியிருந்தாள். குவாரியில் கல் இழுக்கும் கயிறு, அதற்கு மேல் அவளுடைய கல்யாணப் புடவை, அதற்கும் மேல் அவள் இரண்டு கையும். எங்களைப் பார்த்ததும், வந்து பிடிங்க என்றாள். பிடித்தோம். பத்துப் பதினைந்து பேர் அவன் தோளை, கையை, இடுப்பை, சட்டையைப் பிடித்துக்கொண்டோம். ஹரிணி ஒரு காலைக் கட்டிக்கொண்டாள். பியேத்ரோ வாசலில் வந்து நின்று, தன் இரண்டு விரலைச் சேர்த்து நடப்பதுபோல் காட்டினான், உன்கூட நான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தமாயிருக்க வேண்டும்.

"எனக்கு அந்த ஊரு பாஷ தெரியாது, சாலு" என்றான் சென்றாயன்.

"இறுக்கிப் புடிச்சுக்க மாமா" என்றாள் அவள்.

டிரைவரை நிறுத்தி வைக்கச் சம்பங்கி என்னென்னவோ செய்து பார்த்தார், சரக்குச் சீட்டில் ஒரு கையெழுத்து குறைகிறது என்றார், டயரில் காற்றில்லை என்றார். பதினொன்றே காலுக்கு லாரி கிளம்பியது. மெயின் ரோட்டுக்குத் திரும்புகிற சத்தம் கேட்டது. நாங்கள் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. கைக்குள் ஆள் இல்லை, தண்ணீர்தான் இருந்தது, அதுவும் விரலிடுக்கில் இறங்கித் தரையில் ஓடியது. கம்பத்தில் கயிறு அவிழவில்லை. புடவை முடிச்சும் அவிழவில்லை. சாலம்மா அந்த ஈர முடிச்சை அவிழ்க்கச் சாயங்காலம்வரை முயன்றாள், கடைசியில் ரப்பர் வெட்டும் கத்தியால் அறுத்தாள்.

அமாவாசையன்று பழக்கத்தில் தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு பின்பக்கக் குவாரிக்குப் போனவள், பாதி வழியில் நின்றுவிட்டாள். அந்தத் தண்ணீருக்குள் இப்போது அவன் இல்லை. செத்தவன் என்று சொல்ல ஒரு காகிதம் இல்லாவிட்டாலும், இங்கேதான் கிடக்கிறான் என்று போய் நிற்க ஓர் இடமாவது இருந்தது, அதையும் தானே லாரியேற்றி அனுப்பிவிட்டோம் என்று அந்தப் பாதையில் உட்கார்ந்து அவள் அழுதது தெருக்கோடிவரை கேட்டது. மூன்று வருஷமாக அவள் அழுது நாங்கள் கேட்டதில்லை.

பிப்ரவரியில் டோரத்தி அம்மாள் ஒரு வீடியோ அனுப்பினார். பேக்டரி முற்றத்தில் எல்லோரும் சம்பங்கியின் போனைச் சுற்றி நின்று பார்த்தோம். அங்கே தரையெல்லாம் வெள்ளையாகப் பனி. கம்பளிக் கோட்டுப் போட்ட இருபது முப்பது பேர். டோரத்தி அம்மாள் ஒவ்வொரு பெயராகப் படிக்க, ஒருவர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி அடித்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்களின் பெயர் வரும்போது எங்களில் யாராவது ஒருவர் ம் கொட்டினார். எழுபத்தைந்தாவதாக 'செண்ட்ரேயன்' என்றார் அந்த அம்மாள். மணி ஒருமுறை அடித்தது. அத்தனை பேரும் தலை குனிந்தார்கள். அவனுக்காக யாரும் அதற்குமுன் தலை குனிந்ததில்லை. ஹரிணி போனை வாங்கி, கல்லின் அடியில் ஓரிடத்தில் மட்டும் பனி உருகித் தண்ணீராகக் கிடப்பதைப் பெரிதாக்கிக் காட்டினாள். சாலம்மா பார்த்தாள். அங்கே குளிருமே என்றாள்.

அடுத்த கல் சித்திரையில் வந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ஏரியில் புயலில் மூழ்கிய சரக்குப் படகுக்கு நினைவுக்கல். முப்பத்தேழு பெயர், இரண்டு பத்தி, பத்திக்குப் பத்தொன்பது வரி. ஒரு வரி காலி. இந்தத் தடவை சம்பங்கிக்குத் தெரியும், தெரிந்தே அவர் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் காலி வரிக்குச் சாலம்மா முதல் நாளே புருஷன் பெயரை ரப்பரில் எழுத்தெழுத்தாகக் கீறி வைத்துவிட்டாள். மற்ற பெயர்களை இன்னும் தொடங்கவில்லை, அந்த வரியை உரித்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரே பெயர் இரண்டு கல்லில் இருந்தால் ஆள் எங்கே இருப்பான் என்று எங்களுக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பாதி ஆளாக வந்தாலும் பரவாயில்லை என்றாள்.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் கரிக்காரர்கள் இல்லை. பெண்கள். நாற்பது பேருக்குக் குறையாது. யார் சொல்லி எப்படித் தெரிந்ததோ, முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார்கள். தோல் பதனிடும் தொட்டியில் இறங்கியவனின் பெண்டாட்டி, சாக்கடைக் குழியில் போனவனின் அக்கா, பட்டாசு ஷெட்டில் எரிந்து எதுவுமே மிஞ்சாத இரண்டு பெண்களின் அம்மா, கட்டிடத்திலிருந்து விழுந்து அங்கே வேலையே செய்யவில்லை என்று எழுதப்பட்டவனின் தங்கை. ஒவ்வொருத்தி கையிலும் ஒரு துண்டுக் காகிதம், காகிதத்தில் யாரையோ பிடித்து ஆங்கிலத்தில் எழுதி வாங்கிய ஒரு பெயர்.

சாலம்மா வெளியே போய் அவர்கள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். உள்ளதைச் சொன்னாள். ஒரு இடம்தான் இருக்கிறது என்றாள். வந்தாலும் கல் கிளம்பும்வரைதான் இருப்பார்கள், எப்படிச் செத்தார்களோ அப்படியேதான் வருவார்கள், கட்டிப் போட்டாலும் நிற்க மாட்டார்கள், போன பிறகு இப்போது இருக்கிற இடத்திலும் இருக்க மாட்டார்கள் என்றாள். யாரும் எழுந்து போகவில்லை. யாரும் சண்டையும் போடவில்லை. காகிதங்கள் காற்றில் படபடத்தன. பிறகு பட்டாசு ஷெட் அம்மா தன் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பின்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. நிறைமாதம்.

"இவளுக்குக் குடும்மா. வயித்துல இருக்கறது அப்பன் மொகத்தப் பாக்கல" என்றாள்.

மற்றவர்கள் தலையாட்டினார்கள், ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள், ஆனால் தலையாட்டினாள்.

சாலம்மா எழுந்து கொட்டகைக்குள் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம். கல்லின் முன்னால் நின்று, தான் கீறி வைத்திருந்த ஒன்பது எழுத்தையும் விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தாள். பிறகு அந்த வரியின் ரப்பரை மூலையில் பிடித்து, முழுத் துண்டாக, ஒரு எழுத்தும் கல்லில் தங்காமல் பரக்கென்று உரித்துப் போட்டாள். அந்த இடத்தில் புது ரப்பரை ஒட்டி உள்ளங்கையால் தேய்த்தாள். கத்தியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற பெண்ணை உள்ளே கூப்பிட்டு, காகிதத்தை வாங்கினாள். அது வியர்வையில் நனைந்து எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதித் தர ஹரிணியை நோட்டோடு கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"போன பெறகு எப்படி இருக்கும்னு சொன்னேன். கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"அப்ப பேரச் சொல்லு. நீ அவன எப்படிக் கூப்புடுவியோ அதில்ல, முழுப் பேரு. மெதுவா."

அந்தப் பெண் வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.